பழைய ஆபீஸ் டவரில் கிராபிக்ஸ் கார்டு: 275 வாட் எஸ்எம்பிஎஸ் தாங்குமா?

கரூர் நூல் | சனி, இரவு 9:12

வணக்கம். என் மகள் விஸ்காம் முதல் வருடம் படிக்கிறாள். இந்த செமஸ்டரில் பிளெண்டர் (3டி உருவங்கள் செய்யும் மென்பொருள்) பாடம் இருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் கழித்தபோது விலைக்கு எடுத்துக்கொண்ட பழைய டவர்தான் வீட்டில் இருக்கிறது. ஐ5-3470, 8 ஜிபி டிடிஆர்3 ரேம், 240 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 10. தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. பிளெண்டர் 4-ஐத் திறந்தால் கிராபிக்ஸ் கார்டு பொருந்தாது என்று ஒரு பெட்டி வந்து அதோடு நின்றுவிடுகிறது.

ஊரில் ஒரு கடையில் விசாரித்தேன். ஆர்எக்ஸ் 580, 8 ஜிபி, செகண்ட் ஹேண்ட், 6,500 ரூபாய்க்குத் தருகிறார்களாம். அதற்கு 8 பின் பவர் வயர் வேண்டும், எங்கள் எஸ்எம்பிஎஸ்ஸில் (டவருக்கு மின்சாரம் தரும் பெட்டி) அது இல்லை. "சாட்டா வயரில் கன்வெர்ட்டர் போட்டுக்கலாம் சார், ஒண்ணும் ஆகாது" என்கிறார் கடைக்காரர். லேபிளில் 275 வாட் என்று போட்டிருக்கிறது. என்னிடம் 8,000 ரூபாய் வரை இருக்கிறது. திங்கட்கிழமை முன்பணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

நீலத்திரை | சனி, இரவு 9:31

அண்ணா, அந்த விலைக்கு ஆர்எக்ஸ் 580 நல்ல கார்டுதான். என் நண்பன் இன்னும் அதில்தான் விளையாடுகிறான். ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸையும் சேர்த்து மாற்ற வேண்டும். குறைந்தது 450 வாட், நல்ல பிராண்டாகப் பாருங்கள். அப்புறம் பட்ஜெட் 8,000-த்தைத் தாண்டிவிடும்.

சர்வீஸ் மேசை | சனி, இரவு 10:05

கரூர் நூல் சார், திங்கட்கிழமை பணம் கொடுக்காதீர்கள். ஈரோட்டில் 14 வருடமாக சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். சாட்டா கன்வெர்ட்டரால் கருகிப்போன டவர்கள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. கணக்கைப் பாருங்கள், உங்களுக்கே புரியும்.

சாட்டா பவர் கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின் உண்டு. ஒரு பின் 1.5 ஆம்பியர் தாங்கும். மூன்றும் சேர்ந்தால் 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். ஹார்டு டிஸ்க்குக்காகச் செய்தது அது, ஹார்டு டிஸ்க்குக்கு அது போதும். 8 பின் கனெக்டரோ 150 வாட் வரை தரும் என்று நம்பித்தான் கார்டை வடிவமைக்கிறார்கள். ஆர்எக்ஸ் 580 மொத்தமாக 185 வாட் எடுக்கும் கார்டு. ரெண்டர் (காட்சியைக் கணக்கிட்டுப் படமாக்கும் வேலை) ஓட ஆரம்பித்தால் அந்தச் சின்ன பிளாஸ்டிக் வழியாக மணிக்கணக்கில் அளவுக்கு மீறிய கரன்ட் போகும். முதல் நாள் ஒன்றும் தெரியாது. அதனால்தான் கடைக்காரர்கள் துணிந்து சொல்கிறார்கள். பின் சூடாகி, பிளாஸ்டிக் இளகி, தொடுப்பு தளர்ந்து, தளர்ந்த இடம் இன்னும் சூடாகும். போன மே மாதம் ஒரு மாணவனின் டவர் வந்தது. கனெக்டர் கருகி எஸ்எஸ்டியோடு ஒட்டிப்போயிருந்தது. அவனுடைய இறுதியாண்டு ப்ராஜெக்ட் முழுவதும் அந்த எஸ்எஸ்டியில்தான் இருந்தது. என்னால் மீட்டுத்தர முடியவில்லை. இன்றும் அது எனக்கு வருத்தம்தான்.

அடுத்து 275 வாட். உங்கள் ஐ5-க்கு 77 வாட். போர்டு, ரேம், எஸ்எஸ்டி, விசிறி எல்லாவற்றுக்கும் தாராளமாக 40 வைப்போம். மொத்தம் 117. இதன் மேல் 185 வாட் கார்டு ஏறினால் 300-ஐத் தாண்டுகிறது. 75 வாட் கார்டு என்றால் 192-ல் நிற்கும். பழைய எஸ்எம்பிஎஸ்ஸுக்கு அந்த இடைவெளி வேண்டும்.

கரூர் நூல் | சனி, இரவு 10:20

கணக்கு புரிந்துவிட்டது சார், நன்றி. ஆனால் 75 வாட் கார்டுக்கு மட்டும் வயர் எங்கிருந்து வரும்?

சர்வீஸ் மேசை | சனி, இரவு 10:28

வயரே வேண்டாம். கார்டைச் செருகும் அந்த நீளமான பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டே 75 வாட் வரை தரும். அதற்குள் அடங்கும் கார்டுகள் உண்டு: ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, ஜிடிஎக்ஸ் 1650, ஆர்எக்ஸ் 6400, ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி வகை. இந்த நான்குக்குள்தான் நீங்கள் தேட வேண்டும். ஒரு விஷயம், 1650-இல் சில மாடல்களில் கூடுதல் வேகத்துக்காக 6 பின் சாக்கெட் வைத்திருப்பார்கள். பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல் கார்டின் மேல் விளிம்பைப் பாருங்கள். சாக்கெட் இல்லாததாக எடுங்கள்.

முக்கோணம் | ஞாயிறு, காலை 7:48

நான் பிளெண்டரில்தான் சம்பாதிக்கிறேன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். ஆர்எக்ஸ் 580-ஐ எஸ்எம்பிஎஸ் தாங்கினாலும் உங்கள் மகளுக்கு அதை வாங்கித் தராதீர்கள்.

பிளெண்டரில் ரெண்டர் செய்யும் பகுதிக்கு சைக்கிள்ஸ் என்று பெயர். முன்பு அது ஏஎம்டி கார்டுகளில் ஓபன்சிஎல் என்ற இணைப்பு மென்பொருள் வழியாக ஓடியது. 2021 டிசம்பரில் வந்த 3.0 பதிப்பில் ஓபன்சிஎல்லை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக ஹிப் என்று ஒன்று வந்தது. ஆர்எக்ஸ் 580 தலைமுறைக்கு அது கிடைக்கவே இல்லை. கார்டைப் போட்டால் பிளெண்டர் திறக்கும், மாடல் செய்யலாம், திருப்பிப் பார்க்கலாம். சைக்கிள்ஸில் ரெண்டர் என்று அழுத்தினால் வேலை பழையபடி உங்கள் ஐ5-இன் தலையில்தான் விழும். 8 ஜிபி மெமரி இருந்தும் ரெண்டருக்கு உதவாது. விளையாட வாங்குபவருக்கு நல்ல கார்டாக இருக்கலாம், இந்த வேலைக்கு ஆகாது.

இப்போது ஏன் திறக்கவில்லை என்றால், 4.0-இலிருந்து பிளெண்டருக்கு ஓபன்ஜிஎல் (கார்டு திரையில் படம் வரையும் முறை) 4.3 வேண்டும். ஐ5-3470-க்குள் இருக்கும் எச்டி 2500 கிராபிக்ஸ் விண்டோஸில் ஓபன்ஜிஎல் 4.0-ஓடு நின்றுவிடும். டிரைவர் தேடி அலைய வேண்டாம், எந்த டிரைவரும் அதைச் சரிசெய்யாது.

என் யோசனை ஜிடிஎக்ஸ் 1650, 4 ஜிபி. என்விடியா கார்டுகளில் சைக்கிள்ஸ் தொல்லையில்லாமல் ஓடுகிறது. நானும் இரண்டு வருடம் அந்தக் கார்டில்தான் வேலை செய்தேன்.

நீலத்திரை | ஞாயிறு, காலை 8:30

சைக்கிள்ஸ் விஷயம் எனக்குத் தெரியாது அக்கா. விளையாட்டை மட்டும் வைத்துச் சொல்லிவிட்டேன், திருத்தியதற்கு நன்றி. சரி, 1050 டிஐ இன்னும் விலை குறைவாகக் கிடைக்கிறதே, அது போதாதா?

முக்கோணம் | ஞாயிறு, காலை 8:52

இப்போதைக்கு ஓடும். ஆனால் அது 2016-இல் வந்த பாஸ்கல் தலைமுறை. அந்தத் தலைமுறைக்கு வழக்கமான டிரைவர் புதுப்பிப்பு 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது. இனி 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும்தான். மகள் இப்போதுதான் முதல் வருடம். படிப்பு முடிவதற்குள் புதிய பிளெண்டர் அந்தக் கார்டைக் கைவிட வாய்ப்பு இருக்கிறது. 1650 அதற்கடுத்த டூரிங் தலைமுறை, அதற்கு அந்தக் கவலை இன்னும் வரவில்லை.

ஆர்எக்ஸ் 6400 பற்றியும் யாராவது சொல்வதற்குள் சொல்லிவிடுகிறேன். 53 வாட்தான், ஹிப் உண்டு. ஆனால் தரவு போகும் லேன் நான்குதான், அதுவும் பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0-ஐ நம்பிச் செய்தது. இந்த டவரின் ஸ்லாட் 3.0. அங்கே அதன் பாதை பாதியாகிவிடும். மெமரி நிறையும்போது அது நன்றாகத் தெரியும். வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் என்கோடரும் அதில் இல்லை, விஸ்காம் மாணவிக்கு அது தேவைப்படும்.

வடக்கு ரதவீதி | ஞாயிறு, காலை 10:15

எல்லோரும் கார்டைப் பற்றியே பேசுகிறீர்கள். 2012-ஆம் வருட பிராசசர் அது. ஏவிஎக்ஸ்2 (புதிய பிராசசர்களில் வரும் வேகக் கட்டளைகள்) கிடையாது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு இலவச ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏறாது. இதில் 8,000 ரூபாய் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது மாதிரி. ஆறு மாதம் பொறுத்து, பணம் சேர்த்து, வேறு சிஸ்டமே வாங்குங்கள்.

கரூர் நூல் | ஞாயிறு, காலை 10:40

நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆறு மாதத்தில் செமஸ்டரே முடிந்துவிடும். மகள் இப்போது மாலையில் தோழி வீட்டுக்குப் போய்ச் செய்துவிட்டு இருட்டிய பிறகு பஸ்ஸில் வருகிறாள். அதுதான் எனக்கு அவசரம்.

சர்வீஸ் மேசை | ஞாயிறு, காலை 11:20

வடக்கு ரதவீதி சொன்னதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் கார்டுக்குப் போடும் பணம் டவரோடு போய்விடாது. நாளைக்கு வேறு சிஸ்டம் வாங்கினால் இதைக் கழற்றி அதில் போடலாம். அதனால்தான் எஸ்எம்பிஎஸ், பிராசசர் என்று இந்த டவருக்கு மட்டுமே ஆகும் பொருள்களில் காசு போட வேண்டாம் என்கிறேன். விண்டோஸ் பிரச்சினைக்கு லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போட்டுவிடலாம், பிளெண்டர் அதில் அருமையாக ஓடும். அதைத் தனியாகப் பேசுவோம்.

சார், கார்டு வாங்கப் போகுமுன் மூன்று வேலை. கேபினட்டைத் திறந்து, பின்பக்கத் தகட்டிலிருந்து ஹார்டு டிஸ்க் கூண்டு வரை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். இரண்டு விசிறி வைத்த கார்டுகள் பல டவர்களில் கூண்டில் இடிக்கும். ஒரே விசிறி வைத்த குட்டைக் கார்டு போதும். போர்டில் சாட்டா வயர்கள் எங்கே செருகியிருக்கின்றன என்று பாருங்கள். கார்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் அப்புறம் எடுப்பது கஷ்டம். மூன்றாவது, மானிட்டரில் என்ன சாக்கெட் இருக்கிறது?

கரூர் நூல் | ஞாயிறு, பகல் 1:05

அளந்தேன். 25 சென்டிமீட்டர் இருக்கிறது. உள்ளே பஞ்சுத் தூசி அடை அடையாக இருந்தது. தறி ஓடும் தெருவில் வீடு என்பதால் எப்போதும் இப்படித்தான். புளோயர் வைத்து எடுத்துவிட்டேன். மானிட்டரில் நீல நிற விஜிஏ ஒன்றுதான் இருக்கிறது.

நீலத்திரை | ஞாயிறு, பகல் 1:30

அண்ணா, இங்கே கவனம். 1650-இல் விஜிஏ கிடையாது. எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளே போர்ட், சிலவற்றில் டிவிஐ. அந்த டிவிஐயும் டிஜிட்டல் மட்டும்தான், வெறும் பின் மாற்றும் குமிழ் போட்டால் படம் வராது. எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவாக மாற்றும் கன்வெர்ட்டர் ஒன்று சேர்த்து வாங்குங்கள். உள்ளே சிப் வைத்தது அது, சில நூறு ரூபாய்தான்.

இதிலேயே போலியைக் கண்டுபிடிக்கும் வழியும் இருக்கிறது. என்விடியாவின் 10 வரிசையிலிருந்தே கார்டில் விஜிஏவுக்கான அனலாக் வெளியீடு இல்லை. 1050 டிஐ என்றோ 1650 என்றோ சொல்லி நீல விஜிஏ வைத்த கார்டைக் காட்டினால் அது பழைய ஜிடிஎஸ் 450 மாதிரி ஏதோ ஒன்றின் பயாஸை (உள்ளே பதிந்திருக்கும் ஆரம்ப நிரல்) மாற்றி எழுதியது. நான் ப்ளஸ் டூ படிக்கும்போது ஆன்லைனில் ஒரு விற்பனையாளரிடம் அப்படித்தான் ஏமாந்தேன். அப்பா கொடுத்த காசு. பணம் திரும்பவே இல்லை. ஜிபியு-இசட் என்ற சின்ன மென்பொருளை பென்டிரைவில் கொண்டுபோங்கள். போலி கார்டு என்றால் பெயருக்கு முன்னாலேயே போலி என்று காட்டிவிடும்.

சர்வீஸ் மேசை | ஞாயிறு, பகல் 2:10

நல்ல யோசனை தம்பி. கார்டை மட்டும் வாங்கிவராமல், டவரைக் கடைக்கே தூக்கிப் போங்கள் சார். உங்கள் டவரில் போட்டு, பர்மார்க் என்ற சோதனை மென்பொருளை 15 நிமிடம் ஓட்டச் சொல்லுங்கள். திரையில் புள்ளியோ கோடோ விழக்கூடாது, சூடு 80-ஐ ஒட்டி ஒரு இடத்தில் நிலைக்க வேண்டும், விசிறி கரகரக்கக் கூடாது. பில்லில் கார்டின் சீரியல் எண்ணை எழுதி வாங்குங்கள். டெஸ்டிங் வாரன்டி எத்தனை நாள் என்பதும் பில்லில் இருக்கட்டும், வாய்ப்பேச்சு வேண்டாம்.

கரூர் நூல் | வியாழன், இரவு 8:55

திருச்சியில் தெரிந்தவர் ஒருவர் மூலமாக ஒரே விசிறி வைத்த 1650 கிடைத்தது. 6,200 ரூபாய். பவர் சாக்கெட் இல்லை. அவருடைய சிஸ்டத்தில் போட்டு 15 நிமிடம் ஓட்டிக் காட்டினார், 71 டிகிரியில் நின்றது. ஜிபியு-இசட்டிலும் சரியான பெயர்தான் வந்தது. டவரை அவ்வளவு தூரம் கொண்டுபோக முடியவில்லை.

வீட்டுக்கு வந்து மாட்டினேன். டிஸ்ப்ளே வரவில்லை. கார்டின் விசிறி சுற்றுகிறது, பீப் சத்தம் இல்லை, திரை கறுப்பாகவே இருக்கிறது. கார்டைக் கழற்றினால் பழையபடி ஆன்போர்டில் வருகிறது. மகள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். என்ன செய்யலாம் சொல்லுங்கள்.

நீலத்திரை | வியாழன், இரவு 9:02

மானிட்டர் வயர் கார்டில்தானே இருக்கிறது? போர்டில் செருகியிருந்தால் வராது. கன்வெர்ட்டரை டிவியிலோ லேப்டாப்பிலோ போட்டுச் சோதித்தீர்களா?

கரூர் நூல் | வியாழன், இரவு 9:20

கார்டில்தான் இருக்கிறது. கன்வெர்ட்டரை மகளின் தோழியின் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தோம், படம் வருகிறது. கார்டை வீட்டு டிவியில் நேரடியாக எச்டிஎம்ஐயில் கொடுத்தும் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

சர்வீஸ் மேசை | வியாழன், இரவு 9:41

பயப்படாதீர்கள், கார்டு நல்ல கார்டுதான். அங்கே ஓடியிருக்கிறது. கார்டைக் கழற்றி, ஆன்போர்டில் போட்டு, பயாஸுக்குள் போய் அதன் தேதியைப் பார்த்துச் சொல்லுங்கள்.

கரூர் நூல் | வியாழன், இரவு 9:58

2012, ஆகஸ்ட்.

சர்வீஸ் மேசை | வியாழன், இரவு 10:15

அதுதான். டவர் பிறந்த வருடத்து பயாஸ், கார்டு 2019-இல் வந்தது. போர்டு ஆன் ஆகும்போது கார்டில் எழுதியிருக்கும் ஒரு சிறிய நிரலை ஓட்டித்தான் திரையில் படம் கொண்டுவரும். பழைய பயாஸ்கள் சிலவற்றுக்குப் புதிய கார்டின் அந்த நிரலை ஓட்டத் தெரியாமல் அங்கேயே நின்றுவிடும். இந்த வயது டவர்கள் பலவற்றில் பார்த்திருக்கிறேன்.

டவர் கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்துக் கடைசி பயாஸை இறக்குங்கள். வேறு மாடலுடையதை, பெயர் ஒரே மாதிரி இருந்தாலும், தொடக்கூட வேண்டாம். கார்டு இல்லாமல் ஆன்போர்டில் வைத்துத்தான் அப்டேட் செய்ய வேண்டும். யுபிஎஸ் இல்லாமல் செய்யாதீர்கள். நடுவில் கரன்ட் போனால் போர்டு போய்விடும். யுபிஎஸ் பேட்டரி பழையது என்றால் முதலில் பிளக்கைப் பிடுங்கி, பத்து நிமிடம் தாங்குகிறதா என்று பாருங்கள். இடையில் திரை கறுப்பானாலும் பட்டனைத் தொடாமல் காத்திருங்கள். முடிந்ததும் பயாஸில் முதல் டிஸ்ப்ளேவை ஆட்டோவில் வையுங்கள். பவரைப் பிடுங்கிவிட்டு, அப்புறம் கார்டைப் போடுங்கள்.

வடக்கு ரதவீதி | வியாழன், இரவு 10:22

இரவில் செய்ய வேண்டாம் சார். எங்கள் பக்கம் இரவில்தான் கரன்ட் போய்ப் போய் வருகிறது. காலையில் செய்யுங்கள்.

கரூர் நூல் | வெள்ளி, காலை 9:37

வந்துவிட்டது!

காலையில் யுபிஎஸ்ஸைச் சோதித்தேன், பேட்டரி நான்கு நிமிடம்தான் தாங்கியது. பக்கத்துக் கடையிலிருந்து அவர்கள் யுபிஎஸ்ஸைக் கேட்டு வாங்கிவந்தேன். அப்டேட் மூன்று நிமிடத்தில் முடிந்தது. அந்த மூன்று நிமிடமும் நாங்கள் இருவரும் பேசவே இல்லை. கார்டைப் போட்டு ஆன் செய்ததும் கம்பெனி முத்திரை திரையில் வந்தது. டிரைவர் போட்டோம், பிளெண்டர் 4 திறந்துவிட்டது.

முக்கோணம் | வெள்ளி, காலை 9:50

மிகவும் சந்தோஷம். இன்னும் ஒரு வேலை இருக்கிறது. பிளெண்டர் தானாக கார்டை எடுத்துக்கொள்ளாது. பிரிஃபரன்சஸில் சிஸ்டம் பகுதிக்குப் போய் என்விடியா கார்டுக்கான ஆப்டிக்ஸ் அல்லது குடாவைத் தேர்ந்தெடுத்து, கார்டின் பெயரில் டிக் போட வேண்டும். அப்புறம் ரெண்டர் பகுதியில் டிவைஸ் என்ற இடத்தில் சிபியுவை ஜிபியு என்று மாற்ற வேண்டும். இந்த இரண்டாவதை விட்டுவிட்டு, கார்டு போட்டும் வேகமே இல்லை என்று சொல்பவர்கள் நிறைய. மகளிடம் சொல்லுங்கள், 4 ஜிபி மெமரி என்பதால் டெக்ஸ்சர்களை (பொருளின் மேல் ஒட்டும் படங்கள்) 2கே-யில் வைத்துக்கொண்டால் நல்லது. 4கே படங்களை அடுக்கினால் சீக்கிரம் நிறைந்துவிடும்.

கரூர் நூல் | சனி, மாலை 6:10

மகள் தட்டச்சு செய்யச் சொல்லி நான் அடிக்கிறேன். ஒரு மர மேசை, அதன் மேல் பித்தளைக் குத்துவிளக்கு, இதுதான் அவளுடைய அசைன்மென்ட். அதே காட்சியை முதலில் சிபியுவில் வைத்து ரெண்டர் செய்தாள், 21 நிமிடம். ஜிபியுவில் இரண்டரை நிமிடம். கார்டு 74 டிகிரி வரை போனது, கேபினட் மூடியபடிதான் இருந்தது. முக்கோணம் மேடத்துக்குத் தனியாக நன்றி சொல்லச் சொன்னாள். டிவைஸை மாற்றாமல்தான் முதலில் ஓட்டியிருந்தாளாம்.

மீதி 1,800 ரூபாயில் கன்வெர்ட்டர் போக, யுபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி வாங்கலாம் என்று இருக்கிறேன். இல்லை, ரேமை 16 ஆக்குவதா?

சர்வீஸ் மேசை | சனி, மாலை 6:45

பேட்டரி முதலில். ரெண்டர் நடுவில் கரன்ட் போனால் வேலை போவதோடு எஸ்எஸ்டிக்கும் கெடுதல். ரேம் அடுத்த மாதம் பார்க்கலாம், பழைய டிடிஆர்3 விலை குறைவுதான். தறித் தெரு என்பதால் மாதம் ஒரு முறை கார்டின் விசிறியைப் பார்த்துவிடுங்கள். ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், சுழல விட்டு ஊதினால் பேரிங் போய்விடும்.

புதுப்பயனர் 27 | ஞாயிறு, இரவு 8:14

இந்த இழையை முழுவதும் படித்தேன். என்னிடமும் அதே தலைமுறை டவர்தான், ஆனால் ஒல்லியான கேபினட், 240 வாட். இதே கார்டு போடலாமா?

சர்வீஸ் மேசை | ஞாயிறு, இரவு 8:40

இதே கார்டு உயரத்தில் இடிக்கும், மூடி மூடாது. லோ ப்ரொஃபைல் 1650 என்று தனியாக வருகிறது, பாதி உயரத் தகடோடு. வாங்கும்போது அந்தச் சின்னத் தகடு கூடவே இருக்கிறதா என்று பாருங்கள், செகண்ட் ஹேண்டில் பெரும்பாலும் அது தொலைந்திருக்கும். முதலில் எஸ்எம்பிஎஸ் லேபிளையும் கேபினட் உட்புறத்தையும் படம் எடுத்துத் தனி இழையில் போடுங்கள். 12 வோல்ட் வரியில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.